மைனருக்கு டிஸ்க் போடப்போற பெடியனுக்கு

கேள்விப்பட்டன் மோனே. மொறிஸ் மைனர் ஒண்டு வாங்கிப்போட்டாயாம். நல்லது. பழசில ஆசை வாறது குற்றமில்லை. ஆனால் கார் வந்து முற்றத்துத் தூசி அடங்கேல்லை, அதுக்கிடையில முன் சில்லு ரெண்டுக்கும் டிஸ்க் பிறேக் போடப்போறாயாம். இங்கிலாந்தில இருந்து கிட் பெட்டி வருகுதாம். காசு கனடாவில இருக்கிற கொண்ணன் கட்டுறானாம். அவன் அங்க பனிக்குள்ள நிண்டு உழைக்கிறான், நீ இஞ்ச வேப்பமர நிழலில இருந்து விலைப்பட்டியல் அனுப்புறாய். வடிவான பங்குபிரிப்பு.

ஏனடா டிஸ்க் எண்டு கேட்டால், "அப்பு, உந்த டிறம் பிறேக் பிடிக்காது" எண்டுறாய். ஆர் சொன்னது? யூரியூப்பில ஒருத்தன் சொன்னவனாம். அவன் எந்த ஊர்? இங்கிலாந்து. அவன்ர காருக்கு என்ன எஞ்சின்? மாத்தின எஞ்சின். அவன் ஓடுறது எங்க? நேர்வீதியில, மணிக்கு 110, 120 இல. நீ ஓடப்போறது எங்க? கோப்பாயில இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு. மிஞ்சிப்போனால் ஒரு கலியாண வீட்டுக்கு, முன்னுக்குப் பூமாலை கட்டிக்கொண்டு, பின்னால வாற சைக்கிள்காரன் வழி விடச் சொல்லி மணி அடிக்க அடிக்க.

ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. உன்ர காரின்ர டிறம்மைக் கழட்டி உள்ளுக்குப் பாத்தனியோ? பாக்கேல்லை. பாக்காமலே தீர்ப்புச் சொல்லிப்போட்டாய். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்.

உந்தக் காரை ஆர் செய்தது, எப்பிடிச் செய்தது எண்டு கொஞ்சம் கேள். கேட்டால் காசு போகாது. 1948இல லண்டனில ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில முதன்முதல் காட்டினவை. செய்த மனுசன் அலெக் இசிகோனிஸ். பின்னாளில மினி காரையும் அவர்தான் செய்தவர். மைனரைச் செய்து முடிக்கிற நேரத்தில பாத்தால், அகலம் காணாது எண்டு பட்டிருக்குது. என்ன செய்தவர் தெரியுமோ? செய்து வைச்ச மாதிரிக் காரை நெடுக்க ரெண்டாப் பிளந்து, 4 அங்குலம் அகட்டி ஒட்டச் சொன்னவர். நம்பாட்டில் உன்ர காரின்ர பொனற்றைப் போய்ப் பார். நடுவில தட்டையா ஒரு பட்டி ஓடுது தானே? அது அலங்காரமில்லை. பிளந்து ஒட்டின இடம்.

காணாதது எண்டு கண்டால் காரையே பிளக்கிறவை, பிறேக் காணாமல் இருந்தால் விட்டிருப்பினமோ? விடேல்லை. முதல் வந்தது 918 சிசி எஞ்சின். 1952இல 803. 1956இல 948. 1962இல 1098. உந்த 1098 வந்தபோது எஞ்சினுக்குப் பலம் கூடிப்போச்சு எண்டு முன் டிறம்மை 7 அங்குலத்தில இருந்து 8 அங்குலமாக்கினவை. அதுதான் முறை. எஞ்சின் கூடினால் பிறேக் கூட வேணும். உன்ர கார் 948. எஞ்சின் கூடினதோ? இல்லை. கூடினது உன்ர புழுகம் ஒண்டுதான்.

பழைய யாழ்ப்பாணத்துக் கதை ஒண்டும் சொல்ல வேணும். 90களில பொருளாதாரத் தடை. பெற்றோலைக் கண்ணால காண ஏலாது. சமசற், கேம்பிறிட்ஜ், மைனர் எண்டு உந்தப் பழசுகள்தான் ஊரைச் சுமந்தது. கார்பரேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவினம், பேந்து மண்ணெண்ணெயில ஓடும். பின்னால வாற புகையில கண் எரியும். பிள்ளைப்பெறுக்குப் போனதும் அதிலதான், பிரேதம் கொண்டு போனதும் அதிலதான். அப்ப கார் ஓடுமோ எண்டுதான் கவலை, நிக்குமோ எண்டு ஒருத்தரும் கவலைப்படேல்லை. நிப்பாட்டுறதுக்குத்தான் சந்திக்குச் சந்தி ஆக்கள் நிண்டவை. எந்தச் சந்தியில எவன் நிண்டான் எண்டு இப்ப கிண்டத் தேவையில்லை. ஆனால் மோனே, அவன் கை காட்டின இடத்தில நிக்காட்டில் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். நிண்டவை. நாலு சில்லுக்கும் டிறம் பிறேக்கோடதான் நிண்டவை.

டிறம் எண்டால் உனக்கு இளக்காரம். அதுக்குள்ள இருக்கிற வித்தையைக் கேள். மைனரின்ர முன் சில்லு ஒவ்வொண்டுக்கும் ரெண்டு சிலிண்டர், ரெண்டு ஷூ. ரெண்டு ஷூவும் சில்லு சுத்துற பக்கமாத்தான் பிடிக்கும். பிடிச்ச உடன, சுத்துற டிறம் ஷூவைத் தன்னோட இழுத்து இன்னும் இறுக்கும். நீ காலால குடுக்கிறது கொஞ்சம், சில்லு தானாக் குடுக்கிறது மிச்சம். டிஸ்க்குக்கு உது தெரியாது. நீ அமத்தின அளவுக்குத்தான் அது பிடிக்கும். அதாலதான் டிஸ்க் போட்டவன் ரெண்டு நாளில வந்து, "அப்பு, பெடல் கல்லுமாதிரிக் கிடக்குது" எண்டு காலைத் தடவுறான்.

அங்கதான் செலவு தொடங்குது. கால் நோகுது எண்டால் சேர்வோ போட வேணும். சேர்வோ போட்டால் எஞ்சினில இருந்து வக்கூம் பைப் இழுக்க வேணும். சேர்வோ காரைக் கிட்ட நிப்பாட்டாது மோனே, காலுக்குத்தான் சுகம். உதை விக்கிறவன் உனக்குச் சொல்லமாட்டான். பேந்து மாஸ்ரர் சிலிண்டர். அதுக்குள்ள ஒரு சின்ன வால்வு இருக்குது, டிறம்முக்காகப் பைப்புக்குள்ள கொஞ்சம் அமுக்கத்தைத் தேக்கி வைக்கிறது. டிஸ்க் போட்டுவிட்டு அதைக் கழட்டாமல் விட்டால் பாட் எப்பவும் உரசிக்கொண்டே இருக்கும். கார் உருளாது, டிஸ்க் சூடேறும், பெற்றோல் குடிக்கும். பேந்து 14 அங்குல றிம்முக்குள்ள கலிப்பர் அடங்குதோ எண்டு பாக்க வேணும். அடங்காட்டில் புது றிம். அதுவும் போக, முன் சில்லு கூடப் பிடிச்சால் பின் சில்லோட கணக்குத் தீர்க்க வேணும். கணக்குப் பிழைச்சுப் பின் சில்லு முந்திப் பூட்டினால் கார் சுத்தும்.

கலிப்பருக்குச் சிவப்புப் பூச்சு அடிச்சிருக்குது எண்டு படம் காட்டினாய். எடுப்பாத்தான் இருக்குது. ஆனால் மைனரின்ர இரும்பு றிம்முக்கும் நிக்கல் மூடிக்கும் பின்னால அந்தச் சிவப்பை ஆர் பாக்கிறது? ஓ, அதுக்காக அலோய் சில்லோ? அலோய் சில்லுக்கு அகலமான ரயர். அகலமான ரயர் மட்காட்டில முட்டுது எண்டு மட்காட்டை வெட்டு. கடைசியில மொறிஸ் மைனர் எண்டு மிஞ்சப்போறது புத்தகத்தில எழுதின பேர்தான். உது உனக்குப் பழைய கார் ஆசையோ, புதுக் காரைப் பழைய தகரத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிற ஆசையோ?

ஜாகுவார் கதையையும் இழுக்கிறாய். ஓம், 1953இல லே மான் ஓட்டத்தில ஜாகுவார் டிஸ்க் பிறேக்கோட வந்து வெண்டது உண்மை. மற்றவையின்ர டிறம் சூட்டில சோர, ஜாகுவார்க்காரன் கடைசி நேரத்தில பிறேக் பிடிச்சுத் திரும்பினான். ஆனால் அது 24 மணித்தியால ஓட்டம், மோனே. மணிக்கு 200க்கு மேல போய், பிறேக் பிடிச்சு, திரும்பி, திரும்பப் போற ஓட்டம். டிஸ்க்கின்ர பெருமையே சூடு தாங்கிறதுதான். டிறம் சூடேறினால் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் சோரும், பெடல் கீழ போகும். அது உண்மையான குறை. அந்தக் குறை வாறதுக்கு உந்த மாதிரி ஓட்டமோ நீண்ட இறக்கமோ வேணும். யாழ்ப்பாணத்தில இறக்கம் எங்க கிடக்குது? பாலத்தால இறங்கிறதைச் சொல்லுறியோ?

மலைநாட்டுக்குப் போறன் எண்டால் சொல்லு, அது வேற கதை. கடுகண்ணாவை இறக்கத்தில டிறம் பிறேக்கை மிதிச்சுக்கொண்டே இறங்கினால் எரிஞ்ச மணம் மூக்குக்குள்ள வரும். அதுக்கும் மருந்து டிஸ்க் இல்லை. ஏறேக்க எந்தக் கியரோ இறங்கேக்கையும் அந்தக் கியர். எஞ்சின் பிடிச்சு வைச்சிருக்கும், பிறேக்கைத் தொட்டுத் தொட்டு விடு. பழைய லொறிக்காரர் எல்லாம் அப்பிடித்தான் தேயிலை இறக்கினவை.

டிறம்முக்கு இன்னும் ரெண்டு குறை இருக்குது. உன்ர யூரியூப்காரன் சொல்லேல்லை, நான் சொல்லுறன். ஒண்டு தண்ணி. மாரிக்கு றோட்டில வெள்ளம் நிண்டு அதுக்குள்ளால போனால் டிறம்முக்குள்ள தண்ணி போய் முதல் மிதிக்கு ஒண்டும் பிடிக்காது. வெள்ளத்தால வெளியில வந்த உடன பின்னால ஆரும் வரேல்லை எண்டு பாத்து, மெல்லமா ஓடிக்கொண்டே பிறேக்கைக் கொஞ்சம் அமத்திப் பிடி. காஞ்சிடும். மற்றது றிவேர்ஸ். நான் சொன்ன அந்த ரெண்டு ஷூ வித்தை முன்னால போகேக்கதான். பின்னால உருண்டால் சில்லு மற்றப் பக்கம் சுத்துது, ஷூவை இறுக்காமல் தள்ளி விடும். மேட்டில நிண்டு பின்னால உருளேக்க "பிறேக் இல்லை" எண்டு கத்துறவன் எல்லாம் உது தெரியாதவன்தான். மேட்டில நிண்டால் காலோட சேத்துக் கை பிறேக்கையும் இழு.

இனி உன்ர காருக்கு வருவம். பிடிக்கேல்லை எண்டாய். எப்பிடிப் பிடிக்கேல்லை? அதைச் சொல்லத் தெரியாமல் டிஸ்க் வாங்கப் போறாய். முதல் மிதிக்குக் கீழ போய், ரெண்டாம் மிதிக்கு மேல நிண்டு பிடிக்குதோ? அது ஷூ தேஞ்சு இடைவெளி கூடிப்போச்சு, இறுக்க வேணும். மிதிக்க மெத்தையாக் கிடக்குதோ? பைப்புக்குள்ள எயார். அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்க மெல்ல மெல்லக் கீழ இறங்குதோ? ஒயில் வெளியில எங்கையும் ஒழுகேல்லை எண்டால், மாஸ்ரர் சிலிண்டருக்குள்ள றப்பர் போச்சு. ஒரு பக்கம் இழுக்குதோ? ஏதோ ஒரு வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங்கில ஒயில் பட்டிருக்கும், இல்லாட்டில் ஒரு சிலிண்டர் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும். காலை எடுத்த பிறகும் ஒரு முன் சில்லு விடாமல் பிடிச்சுக்கொண்டிருக்குதோ? அந்தச் சில்லுக்குப் போற றப்பர் பைப்பைச் சந்தேகப்படு. வெளியில பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்கு வீங்கி அடைச்சிருக்கும். ஒயில் போகும், திரும்பி வராது. உதில ஒண்டுக்காவது டிஸ்க் தேவையோ?

இறுக்கிறது பெரிய வேலையில்லை. முன் சில்லுக்கு ரெண்டு ரெண்டு, பின் சில்லுக்கு ஒவ்வொண்டு. சில்லை ஜக்கில தூக்கி, மூடியைக் கழட்டி, ஓட்டைக்குள்ளால ஸ்குறூ ட்றைவரை விட்டுத் திருப்பு. சில்லு சுத்தாமல் நிக்கிற வரைக்கும் இறுக்கு, பேந்து ஒரு சொடுக்கு இளக்கு. சில்லு இலேசாச் சுத்த வேணும். கை பிறேக்கை இழுத்து வைச்சுக்கொண்டு பின் சில்லை இறுக்காதை, இழுத்த கையோடயே வந்து நிண்டு ஏன் சுத்தேல்லை எண்டு என்னட்டைக் கேக்காதை. டிறம்மைக் கழட்டேக்க உள்ளுக்குக் கிடக்கிற தூசியை வாயால ஊதாதை, எயார் பைப்பாலயும் அடிக்காதை. பழைய லைனிங்கில அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஈரத் துணியால துடை, துணியைக் கட்டி எறி. நெஞ்சாங்கூட்டுக்கு ஒருத்தரும் கிட் விக்கிறதில்லை.

பிறேக் ஒயிலை எப்ப மாத்தினது? தெரியாது. வித்தவனுக்கும் தெரிஞ்சிராது. அந்த ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 எண்டு எழுதின புது ஒயில் 230 பாகை செல்சியஸ் தாண்டித்தான் கொதிக்க வேணும், ஈரம் குடிச்ச பிறகு 155 பாகை வரைக்கும் இறங்கும். கொதிச்சால் ஆவி, ஆவி எண்டால் பெடல் வெறும் காத்தை மிதிக்கும். ஈரம் இரும்பையும் தின்னும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தினால் காணும். எஞ்சின் ஒயிலைத் தவறியும் ஊத்திப்போடாதை, றப்பர் எல்லாம் வீங்கிக் கெட்டுப்போகும்.

மாஸ்ரர் சிலிண்டர் எங்க இருக்குது எண்டு தேடினனியோ? பொனற்றைத் திறந்து தேடியிருப்பாய். அங்க இல்லை. ட்றைவர் கால் வைக்கிற தட்டுக்குக் கீழ, விரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி, அதுக்குள்ள. ஆரும் கண்ணால காணாத இடத்தில வைச்சபடியால் ஒருத்தரும் பாக்கிறதுமில்லை, ஊத்திறதுமில்லை. அதைக் கழட்டப் போனால் நீட்டுப் போல்ற் வெளியில வராது, ரோர்ஷன் பார் குறுக்க நிக்கும். அப்ப மட்டும் இசிகோனிஸை நீ பேசலாம். நானும் சேர்ந்து பேசுவன்.

இன்னொரு பொருள் இருக்குது, அதை ஒருத்தரும் கிட்டில போட்டு விக்கிறதில்லை. ரயர். பிறேக் நிப்பாட்டுறது சில்லை, காரை நிப்பாட்டுறது ரயர். உன்ர டிறம் இப்பவே சில்லைப் பூட்டிச் சறுக்க வைக்குது எண்டால், அதுக்கு மேல டிஸ்க் வந்து என்ன செய்யும்? ரயரின்ர பக்கத்தில நாலு இலக்கம் பொறிச்சிருக்கும். 1514 எண்டு கிடந்தால் 2014ஆம் ஆண்டு 15ஆம் கிழமையில செய்தது. உன்ர ரயரைப் போய்ப் பார். பூ தேயேல்லை எண்டு சந்தோசப்படாதை, பழசானால் றப்பர் இறுகும், மழைக்குப் பிடிக்காது.

அதோட உன்ர கால். அதுக்கு முதல் உன்ர கண். இஞ்ச சட்டப்படி ஊருக்குள்ள 50, வெளியில 70. 50 இல போறவன் ஒரு செக்கன் போனைப் பாத்தால் கார் 14 மீற்றர் போயிருக்கும், பிறேக்கில கால் வைக்க முதல். 70 இல போனால் பிறேக் பிடிச்சு நிக்கிற தூரமே ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கணக்குப் படிச்ச பிள்ளை நீ, வேகத்தை வேகத்தால பெருக்கிப் பார். உந்த 14 மீற்றரைத் திருப்பித் தாற டிஸ்க் எந்தக் கடையில விக்கிறாங்கள்?

நான் எல்லாத்துக்கும் குறுக்க நிக்கிற கிழவன் எண்டு நினையாதை. மைனருக்குள்ள நிசான் எஞ்சினும் அதின்ர கியர் பெட்டியும் ஏத்தினவை எத்தினை பேர். அவைக்கு டிஸ்க் வேணும், கட்டாயம் வேணும், போடாமல் ஓடினால் நானே சாவியைப் பறிப்பன். உன்ர 948க்குக் கொஞ்சம் கூடப் பிடிக்க வேணும் எண்டால், கம்பனிக்காரனே செய்து வைச்ச வழி இருக்குது: 1098இன்ர 8 அங்குல டிறம்மும் ஷூவும். பகுதி கிடைக்காது எண்டு சாட்டுச் சொல்லாதை. 90களில இங்கிலாந்தில பாத் நகரத்தில மைனர் திருத்துற நிலையம் வைச்சிருந்த சார்ள்ஸ் வேர் எண்ட மனுசன் எங்கட நாட்டுத் தெற்கிலதான் மைனர் தகரம் செய்ய ஆக்களைப் பிடிச்சவர். இஞ்ச அடிச்ச தகரம் அங்க போய் வெள்ளைக்காரன்ர காரில ஒட்டுப்பட்டது. நீ அங்கயிருந்து பெட்டி எடுப்பிக்கிறாய்.

கொண்ணன்ர காசு கை அரிக்குது எண்டால் ஒரு நல்ல வழி காட்டுறன். உந்தக் காருக்கு நாலு சில்லுக்கும் ஒரே பைப் வழிதான். ஒரு றப்பர் பைப் வெடிச்சாலும் நாலும் போச்சு, மிச்சம் கை பிறேக் மட்டும்தான். ரெண்டு வழியாப் பிரிக்கிற இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் இருக்குது. முன்னுக்குப் போனால் பின்னுக்குப் பிடிக்கும், பின்னுக்குப் போனால் முன்னுக்குப் பிடிக்கும். அதுக்குச் செலவழி. படம் எடுத்துப் போட்டால் ஒருத்தரும் பாக்கமாட்டினம், தட்டுக்குக் கீழ ஒளிஞ்சு கிடக்கும். அதுதான் உனக்குப் பிடிக்காது எண்டு எனக்குத் தெரியும்.

இப்ப போய் மூண்டு றப்பர் பைப்பும் ஒரு போத்தில் ஒயிலும் வாங்கு. போத்தில் முத்திரை உடையாததா இருக்க வேணும், ஆற்றையோ கராச்சில பாதி கிடந்ததை வாங்கி வராதை. எயார் எடுக்க ரெண்டு பேர் வேணும். மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்தில இருக்கிற பின் சில்லில தொடங்குவம். ஒருத்தர் கீழ படுத்துத் திருக வேணும், மற்றவர் மேல இருந்து பெடலை மிதிக்க வேணும். ஆர் கீழ எண்டு கேக்காதை. எனக்கு முழங்கால் ஏலாது.